கலியபெருமாள் விட்டுச்சென்ற அரை பாட்டில்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு தொலைபேசி ஒலித்தது. காபிக்குப் பால் வைத்திருந்தேன். பாபநாசத்திலிருந்து கலியபெருமாளின் மனைவி மங்கையர்க்கரசி பேசினார்.

"சார், அவரு விடிகாலைல போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவரே மறுபடியும் பேசினார்.

"உங்களுக்குன்னு ஒரு பாட்டில் எடுத்து வச்சிருக்காரு. கவர்ல உங்க பேரெழுதி, உள்ள ஒரு சீட்டும் போட்டு வச்சிருக்கு. காரியம் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கங்க. சொந்தக்காரங்க யாராச்சும் பாத்தா தப்பா நினைப்பாங்க."

நம் இயற்கை நெல் குழுவின் மாத இதழுக்குக் கலியபெருமாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். குழுவின் பதிவேட்டை எழுதுகிறவன் நான்தான்; அவரை வெளிநாட்டிலேயே அறிந்தவனும் நான்தான். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் அவரைப் புகழ்ந்திருந்தேன். எழுதியதில் எதுவும் பொய் இல்லை. ஆனாலும் அவற்றை அச்சில் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. இது நான்காவது. ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கூடையைத் திறக்காமலே உள்ளே இருப்பது நேற்றைய மீனா, இன்றைய மீனா என்று சொல்லிவிடுவாராம் அவருடைய தாயார். அந்த மூக்கு இவருக்கும் வந்திருந்தது. கப்பல் வேலைக்குப் போனவர் ஸ்பெயினில் இறங்கி, வடக்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டும் கூலியாகச் சேர்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒயின் ஊறும் நிலவறைக்கே பொறுப்பாளராகிவிட்டார். பூச்சிமருந்தோ ரசாயன உரமோ படாத தோட்டம் அது. ஒயினிலும் எதையும் சேர்க்கமாட்டார்கள்.

என் மகள் அந்தப் பக்கத்து நகரம் ஒன்றில் குடியிருந்தாள். மனைவி காலமான பிறகு என்னை அங்கே அழைத்துப்போய் வைத்துக்கொண்டாள். பகல் முழுவதும் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒருவர் முலாம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "அழுகலை என் தலையிலயே கட்டப் பாக்குறான்" என்று தமிழில் முணுமுணுத்தார். தயங்கித் தயங்கி அருகில் போய், "நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன என்ன ஸ்பானிஷ்லயா திட்டினேன்? எந்த ஊருங்க?"

"கும்பகோணம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். ரிட்டயர் ஆயிட்டேன்."

"அப்ப கையெழுத்து நல்லாருக்கும். எனக்கு ஒரு நோட்டு எழுதணும் சார். சம்பளம் கிடையாது. மத்தியானம் சோறு போடுவேன். ரசத்துக்குப் புளி கிடைக்காது, திராட்சைக் காயை இடிச்சு ஊத்துவேன். சாப்பிடுவீங்கள்ல?"

மறுநாளே போனேன். இயற்கை முறைச் சான்றிதழுக்காகத் தோட்டத்தில் நடப்பதையெல்லாம் நாள்தோறும் பதிய வேண்டும். எந்த வரிசையில் என்ன தெளித்தார்கள், எரு எங்கிருந்து வந்தது, எந்தப் பாத்திரத்தை எதனால் கழுவினார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை நான்தான் முதல் பக்கத்தில் என் கையால் படியெடுத்தேன். அந்த நோட்டோடு நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மனைவி போன பிறகு அப்படி இருந்தது அப்போதுதான்.

"கோடு போட்டு எழுதறீங்களே, பிள்ளைங்க பரீட்சை எழுதற மாதிரி" என்பார். கேலி செய்தாலும் நோட்டை வேறு யாரையும் தொட விடமாட்டார். ஒயின் எப்படி உண்டாகிறது என்று ஒருமுறை கேட்டேன். வேதியியல் எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்க விரும்பினேன். "பழத்தோல்லயே எல்லாம் இருக்கு சார். அது பாட்டுக்குப் பொங்கும், அடங்கும். நாம ஒண்ணும் செய்யறதில்ல. கெடுக்காம இருக்கோம், அதுக்குத்தான் சம்பளம்" என்றார். வாயில் ஊற்றிச் சுழற்றிவிட்டு வாளியில் துப்பிவிடுவார். ஒரு மடக்கு விழுங்கியும் நான் பார்த்ததில்லை.

அவர் இரக்கமில்லாத மனிதர். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. உங்களுக்கே அது தெரியும் என்பதால் எழுதுகிறேன். அறுவடையின் முதல் நாள் கூலிக்கு வந்தவர்களில் ஒருவர் கையில் வாசனைக் களிம்பு பூசியிருந்தார். இரண்டு பேருந்து மாறி வந்தவர். கலியபெருமாள் அந்தக் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, வாசலைக் காட்டினார். அந்த மனிதர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றார். மறுபடியும் வாசலைக் காட்டினார். "பாவம்ங்க" என்றேன் நான்.

"பாவம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போடுங்க சார். பழத்துக்கிட்ட நின்னுக்கிட்டுப் பாவம் பாக்காதீங்க."

தோட்டத்தின் உரிமையாளர் இசபெல் என்கிற மூதாட்டி. அடுத்த ஆண்டு வடக்கு மூலையில் இருந்த பழைய கொடிகளை அவர் கலியபெருமாளிடமே விட்டுவிட்டார். மூன்று பீப்பாய் வரும். அதை அவர் இஷ்டப்படி செய்யலாம். பாட்டிலில் அவர் பெயரையே அச்சிடுவதாகவும் இசபெல் சொன்னார். கலியபெருமாள் என்னிடம் ஒரு தாளை நீட்டி, தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நாலு விதமாக எழுதிக் கொடுத்தேன். "வாத்தியார் கையாச்சே, கடைசி ள் தப்பாவா வரும்" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்தப் பையிலேயே அது இருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அறுவடைக்குப் பதினைந்து நாள் இருந்தபோது பிழியும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க நான்கு நாள் வெளியூர் போனார். நிலவறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "சுத்தமா இருக்கணும். பாத்துக்கங்க" என்றார். மூன்று பீப்பாய்களும், பழம் பொங்குவதற்கான பழைய மரத்தொட்டியும் அங்கே இருந்தன. சுவரிலும் தொட்டியின் பலகை இடுக்குகளிலும் பூஞ்சை பச்சையாகப் படிந்திருந்தது. அங்கே அது எப்போதும் இருப்பதுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சான்றிதழ் அதிகாரி வரப்போகும் வாரம் அது. அவர் பார்த்தால் கலியபெருமாளுக்குத்தானே கெட்ட பெயர் என்று நினைத்தேன்.

நம் ஊரில் சுத்தம் என்றால் என்ன? வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் அதுதான். என் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த வாசம் வந்தால்தான் எனக்கு நிம்மதி. அங்கே கடையில் அதைத் திரவமாகவே விற்கிறார்கள். இரண்டு மஞ்சள் பாட்டில் வாங்கிவந்தேன். தொட்டியின் உட்புறம், பீப்பாய் தாங்கும் கட்டைகள், தரை என்று இரண்டு நாள் தேய்த்தேன். பிறகு பத்து முறைக்குமேல் தண்ணீர் விட்டு அலசினேன். பலகை வெள்ளையாகிவிட்டது. பெருமையாக இருந்தது.

அன்று மாலை நோட்டில் பதிய உட்கார்ந்தபோதுதான் முதல் பக்கத்துப் பட்டியல் கண்ணில் பட்டது. அதில் இது இல்லை. பூஞ்சை பிடித்த மரத்தில் குளோரின் பட்டால் என்ன உண்டாகும் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த மூலக்கூறை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதிகம் இருக்காது, நன்றாக அலசிவிட்டோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கட்டத்தில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதினேன். எதனால் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்த நோட்டில் நான் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

திரும்பி வந்த கலியபெருமாள் என் விரல்களைப் பார்த்தார். நுனியில் தோல் உரிந்திருந்தது.

"கை என்ன சார் இப்படி இருக்கு?"

"இந்த ஊர் சோப்பு ஒத்துக்கலைங்க."

உள்ளே போய் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து தானே தடவிவிட்டார்.

பழம் வந்தது, பொங்கியது, அடங்கியது. அடர்த்தியையும் வெப்பத்தையும் காலையும் மாலையும் அளந்து எழுதினேன். பனிக்காலத்தில் ஒரு நாள் இசபெல் சுவை பார்க்க வந்தார். கண்ணாடிக் குவளையை மூக்கருகே கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். கலியபெருமாள் எடுத்து முகர்ந்தார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தமிழில் சொன்னார்: "சாக்கு. நனைஞ்சு காயாத சாக்கு."

நெல்லுக்காரர்களான உங்களுக்கு அந்த வாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று பீப்பாயும் அப்படித்தான். பத்து நாளில் பரிசோதனைக்கூட அறிக்கை வந்தது. அதிலிருந்த வேதிப்பெயர் யாருக்கும் புரியாததால் விளக்கும்படி என்னைத்தான் கேட்டார்கள். மேசையின் இந்தப் பக்கம் நின்று, பூஞ்சையும் குளோரினும் சேர்ந்தால் இது உண்டாகும் என்று வகுப்பெடுப்பதுபோல விளக்கினேன். மகள் மொழிபெயர்த்தாள். "குளோரின் இங்கே எப்படி வந்தது?" என்று இசபெல் கேட்டார்.

கலியபெருமாள் நோட்டை எடுத்து, அந்தத் தேதியைத் தேடி, காலியான கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அறிக்கையைப் படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிலவறைச் சாவி என்னோடது. நான்தான் பொறுப்பு" என்றார் அவர் ஸ்பானிஷில். மகள் மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் புரிந்தது.

ஒயினைச் சாராயம் காய்ச்சும் ஆலைக்கு அனுப்பினார்கள். தொட்டியை உடைத்து எரிக்கச் சொன்னார் இசபெல். கோடரியை எடுத்தவர் கலியபெருமாள்தான். அவர் வெட்டிய பலகைகளை நான் எடுத்து அடுக்கிக்கொடுத்தேன். நடுவில் அவர் வெட்டுவதை நிறுத்தி, என் வலது கையைப் பிடித்து, ஆறிப்போன விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

மறுபடியும் கவாத்து வெட்டும் வேலைக்கு வேண்டுமானால் இருக்கலாம் என்றார் இசபெல். இவர் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, மனைவியின் ஊரான பாபநாசம் பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டார். அடுத்த ஆண்டு நானும் கும்பகோணம் வந்துவிட்டேன். நம் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "வாத்தியார் நல்லா நோட்டு எழுதுவாரு. ஒரு கட்டம் விடமாட்டாரு" என்று என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மூட்டைகளை முகர்ந்து பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தோம். கோவிந்தராஜன் வயலில் புகையான் பூச்சி விழுந்த ஆண்டு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மூட்டையைப் பிரிக்காமலே, "மருந்தடிச்சிருக்கீங்க" என்றார். சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரம். "உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்று கோவிந்தராஜன் கெஞ்சினார். "உள்ள வந்தா மட்டும் வாசம் மாறுமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டார் இவர். அடுத்த கூட்டத்தில் கோவிந்தராஜனைக் குழுவிலிருந்து நீக்கினோம். போகும்போது அவர் சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்காது.

"ஸ்பெயின்ல பீப்பாயைக் கெடுத்துட்டு வந்த ஆளு, அங்கேருந்து துரத்தி விட்டுட்டாங்க. இங்க வந்து என் மூட்டையை மோந்து பாக்குறாரு. குடிகாரன் மூக்கை நம்பி எங்க குடும்பத்தை அசிங்கப்படுத்துறீங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒயின் கெட்டுப்போச்சு, அனுப்பிட்டாங்க" என்று அவரே சொல்லியிருந்தார். நான் அன்று கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் திரும்பி என்னைப் பார்த்தார், அந்தப் பழைய பார்வை. "உறுப்பினர் ஒருவர் தம் கருத்தைத் தெரிவித்தார்" என்று எழுதினேன். அதன் பிறகு நம்மில் பலரும் அவரை "பீப்பாய்" என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தோம். அழைத்தோம் என்றுதான் எழுதுகிறேன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கெட்டுப்போன ஒயினில் வழக்கமானதில் பாதி அளவுள்ள ஐந்து அரை பாட்டில்களைத் தன் கையால் அடைத்து ஊருக்கு எடுத்து வந்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் அங்கே அறுவடை தொடங்கும் புரட்டாசியில் எனக்கு அழைப்பு வரும். இங்கே சம்பா நடவு நடந்துகொண்டிருக்கும். போவேன். ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றி என் முன் வைப்பார்.

"என்ன வாசம் சார்?"

"எனக்கென்னங்க தெரியும்."

"கெமிஸ்ட்ரி படிச்சவருக்குத் தெரியலைன்னா யாருக்குத் தெரியும்? நல்லா மோந்து பாருங்க."

"தெரியலைங்க."

"தெரியலைன்னு சொல்லாதீங்க. சொல்லமாட்டேன்னு சொல்லுங்க." சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொல்லையில் கொட்டிவிடுவார். பிறகு மங்கையர்க்கரசி சோறு போடுவார். மூன்று ஆண்டுகள் இப்படி மூன்று பாட்டில். என்னைத் துன்புறுத்தத்தான் அழைக்கிறார் என்று தெரியும். அழைப்பு வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சொல்தான். அதைக் கொடுத்திருந்தால் மீதிப் பாட்டில்களை அன்றே உடைத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கொடுக்கவில்லை.

போன ஆண்டு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய மூக்கு போய்விட்டது. மூட்டைப் பரிசோதனையிலிருந்து அவர் விலகிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். உங்களிடம் முழங்கால் வலி என்று சொன்னார். சாம்பார் கருகுவதுகூடத் தெரியவில்லை என்றார் மங்கையர்க்கரசி. அந்தப் புரட்டாசியிலும் அழைத்தார். நான்காவது பாட்டிலைத் திறந்து, முதல் முறையாகத் தானும் டம்ளரை மூக்கருகே வெகு நேரம் பிடித்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணுமே வரலை சார். தண்ணி மாதிரி இருக்கு. உங்க மூக்குதான் இப்ப எனக்கு மூக்கு. அந்த வாசம் இன்னும் இருக்கா?"

இருந்தது. டம்ளரை வாங்குவதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. அந்த வாசம் ஆண்டுகளால் போவதல்ல. வேதியியல் படித்த எவனுக்கும் அது தெரியும்.

"இல்லைங்க. போயிடுச்சு. நல்லா இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா. ஆறிடுச்சா" என்றார். அந்த முறை கொல்லையில் கொட்டவில்லை. டம்ளரை அப்படியே மூடி வைத்தார். நான் சொன்னதை நம்பினார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு நல்லது செய்ததாகக்கூட எண்ணிக்கொண்டு பேருந்தில் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நம் குழுவில் இருபது பேர் வந்திருந்தோம். கோவிந்தராஜனும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் யாரோ "பீப்பாய் போயிடுச்சு" என்றார். நான் அருகில்தான் நின்றேன். அப்போதும் பேசவில்லை. கிளம்பும்போது மங்கையர்க்கரசி ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார்.

"என்னன்னு நான் கேக்கலைங்க சார். வாத்தியார் கையிலதான் குடுக்கணும்னு ரெண்டு தடவை சொன்னாரு."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஐந்தாவது பாட்டில் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய தாளை ஒட்டியிருந்தார். நான் நாலு விதமாக அவர் பெயரை எழுதிக் கொடுத்த தாள். உறையிலிருந்த சீட்டில் ஒரு வரிதான்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்க சார். குடிச்சிடுங்க."

எழுபத்தாறு வயதில் இதுவரை நான் மதுவைத் தொட்டதில்லை. இன்று காலை குளித்துவிட்டு, காபி டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். துப்பவில்லை. நாலு டம்ளர் வந்தது. கடைசிவரை நனைந்த சாக்குதான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வாயில் இன்னும் அந்த வாசம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நான் வைத்துக்கொள்ளப்போவதும் அதுதான். காலி பாட்டிலை மேசைமேல் வைத்திருக்கிறேன். அவரைப் பீப்பாய் என்று அழைத்தவர்கள் கும்பகோணம் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்க்கலாம். கோவிந்தராஜனும் வரலாம்.

அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. விட்டுப்போன கட்டத்தை இங்கே நிரப்புகிறேன். மரத்தொட்டி, சுத்தம் செய்யப்பட்டது. எதனால்: பிளீச்சிங் திரவம், இரண்டு பாட்டில். செய்தவர் கலியபெருமாள் அல்ல, நான்.